சிங்கப்பூர்ல 7,000 டாலர் சம்பளம்னா சென்னைக் கணக்குல எவ்வளவு? 65-ஆல பெருக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

"28 வயசு ஆகுது. சென்னையில சி.டி.சி 16 லட்சம். சிங்கப்பூர்ல மாசம் 7,000 டாலருக்கு ஆஃபர் வந்திருக்கு. போகலாமா?"

இந்த மாதிரிக் கேள்வி நம்ம சேனலுக்கு அடிக்கடி வருது. ஊர் மட்டும் மாறும். சிங்கப்பூர், துபாய், ஜெர்மனி, கனடா. கேக்கிறவங்க பெரும்பாலும் மனசுக்குள்ள ஒரு கணக்கு போட்டு முடிச்சிருப்பாங்க. 7,000-ஐ 65-ஆல பெருக்கினா 4 லட்சத்து 55 ஆயிரம் ரூபாய். இங்க பிடித்தத்துக்கு முன்னாடி மாசம் 1 லட்சத்து 25 ஆயிரம். மூணரை மடங்குக்கு மேல! இதுக்கு மேல என்ன யோசிக்கணும்?

இன்னொரு குரூப் இருக்கு. இவங்க கொஞ்சம் படிச்சவங்க. "அப்படிப் பெருக்கக் கூடாது ப்ரோ, பி.பி.பி பாக்கணும்"னு சொல்வாங்க. அந்தக் கணக்குல பார்த்தா அதே 7,000 டாலர் சென்னையில ஒண்ணே முக்கால் லட்சம் ரூபாய்க்குத்தான் சமம். ஒண்ணேகால் லட்சத்துல இருந்து ஒண்ணே முக்கால். இதுக்காகவா அப்பா அம்மாவை விட்டுட்டு, பொங்கல் தீபாவளியை விட்டுட்டுப் போகணும்னு தோணும்.

ரெண்டு கணக்குமே பாதி சரி, பாதி தப்பு. எந்த இடத்துல எது சரின்னு தெரிஞ்சுட்டா, உங்க ஆஃபரை நீங்களே அரை மணி நேரத்துல எடை போட்டுடலாம். சிங்கப்பூரையே உதாரணமா எடுத்துக்கறேன். நம்ம ஆளுங்க அதிகம் போற ஊர், விதிமுறைகளும் வெளிப்படையா இருக்கிற ஊர்.

பி.பி.பி எதைச் சொல்லுது, எதைச் சொல்லாது

பி.பி.பி-ன்னா வாங்கும் திறன் சமநிலை. ஒரே கூடைப் பொருளை வாங்க இந்தியாவுல எவ்வளவு ரூபாய் ஆகுது, சிங்கப்பூர்ல எவ்வளவு டாலர் ஆகுதுன்னு பார்த்து ஒரு விகிதம் கண்டுபிடிப்பாங்க. உலக வங்கி இதை வெளியிடுது. அதுபடி ஒரு சிங்கப்பூர் டாலர் சுமார் 25 ரூபாய்க்குச் சமம். பேங்க்ல மாத்தினா 65 ரூபாய் கிடைக்கும், ஆனா அங்க செலவு பண்ணினா 25 ரூபாய் வேலைதான் செய்யும்னு அர்த்தம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஐபோன், லேப்டாப், விமான டிக்கெட் எல்லாம் ரெண்டு ஊர்லயும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஆனா முடி வெட்டுறது, வீடு பெருக்கித் துடைக்கிறது, சமையல், ஆட்டோ, டெய்லர், டியூஷன், அதாவது இன்னொரு மனுஷனோட நேரத்தை வாங்குற எல்லாமே, அந்த ஊர் சம்பளத்துக்கு ஏத்த விலையில இருக்கும். சென்னையில 150 ரூபாய்க்கு முடி வெட்டிக்கிறீங்க. லிட்டில் இந்தியாவுல மலிவான கடையிலயே 8, 10 டாலர் ஆகும். சென்னையில மாசம் 4,000 ரூபாய்க்கு வீட்டு வேலைக்கு அக்கா வருவாங்க. அங்க ஒரு மணி நேரத்துக்கே 20 டாலர் அளவுல கேப்பாங்க. நாம இங்க 'நடுத்தர வாழ்க்கை'ன்னு சொல்றதுல பாதி, அடுத்தவங்க உழைப்பு மலிவா கிடைக்கிறதால வர்ற வசதி. அது விமானத்துல கூட வராது.

இதையே ஜாலியா காட்டத்தான் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகை 1986-ல பிக் மேக் குறியீடுன்னு ஒண்ணு ஆரம்பிச்சது. ஊர் ஊரா ஒரே பர்கர் விலையை ஒப்பிடுவாங்க. இந்தியாவுல மெக்டொனால்ட்ஸ் மாட்டிறைச்சி பர்கர் விக்கிறதில்லைங்கறதால சிக்கன் மகாராஜா மேக் விலையை எடுத்துக்கிட்டாங்க. ஒரே பொருளை ஒப்பிடுறதுக்காக ஆரம்பிச்ச கணக்குலயே பொருள் மாறிடுச்சு பாருங்க. எல்லாக் குறியீட்டுலயும் இந்தச் சிக்கல் இருக்கு. கூடையில என்ன இருக்குங்கறதுதான் விஷயம். உங்க கூடை அது கிடையாது.

பெரிய உதாரணம் சொல்றேன். 2023-ல இ.ஐ.யு வெளியிட்ட உலகின் காஸ்ட்லியான நகரங்கள் பட்டியல்ல சிங்கப்பூரும் ஜூரிக்கும் சேர்ந்து முதல் இடம். தலைப்பைப் பார்த்தே பயந்தவங்க நிறைய. சிங்கப்பூர் அந்த இடத்துக்குப் போனதுல கார் விலைக்குப் பெரிய பங்கு இருக்கு. அங்க கார் வாங்கணும்னா முதல்ல ஏலத்துல ஒரு சான்றிதழ் எடுக்கணும், 10 வருஷத்துக்குத்தான் செல்லும். 2023 அக்டோபர்ல சின்னக் காருக்கான சான்றிதழே 1,06,000 டாலர், பெரிய காருக்கு 1,50,001 டாலர் வரைக்கும் போச்சு. இது காருக்கான விலை இல்லைங்க, கார் வாங்குறதுக்கான உரிமைக்கு! ஆனா நீங்க அங்க கார் வாங்கப் போறீங்களா? எம்.ஆர்.டி-யிலயும் பஸ்லயும் மாசம் 130 டாலர்ல ஊர் முழுக்கச் சுத்திடலாம். உங்க கூடையில அந்தக் கார் கிடையாது.

எந்த டாலர் 25 ரூபாய், எந்த டாலர் 65 ரூபாய்

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன்னு சொன்னீங்கன்னா, இதைப் படிங்க.

அங்க வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போற டாலர் ரூபாயா மாறவே மாறாது. அதை 65-ஆல பெருக்கிப் பார்த்து "காப்பி 100 ரூபாயா!"ன்னு அலறுறதும் வீண், "சம்பளம் நாலரை லட்சமா!"ன்னு குதிக்கிறதும் வீண். ஆனா எல்லாச் செலவும் போக மிச்சம் ஆகுற டாலர் இருக்கே, அதை நீங்க ஊருக்கு அனுப்புறீங்க, கடனை அடைக்கிறீங்க, இங்க நிலம் வாங்குறீங்க. அந்த டாலர் முழுசா 65 ரூபாய். அதனால சம்பளத்தைச் சம்பளத்தோட ஒப்பிடாதீங்க. அங்க மிச்சம் ஆகுறதை டாலர்லயே கண்டுபிடிச்சு, அதை மட்டும் ரூபாயா மாத்தி, இங்க மிச்சம் ஆகுறதோட ஒப்பிடுங்க.

மிச்சம் எவ்வளவுங்கறது சம்பளத்தைவிட, யாரோட போறீங்கங்கறதைப் பொறுத்தது. அதே 7,000 டாலரை ரெண்டு விதமா போட்டுக் காட்டறேன். வாடகை, சாப்பாடு எல்லாம் நான் வெச்சுக்கிட்ட உத்தேசத் தொகை. வரி மட்டும் சட்டப்படி உள்ளது.

தனியா போனா

முதல்ல சென்னை. அடிப்படையும் படிகளும் சேர்த்து வருஷம் 15 லட்சம், கம்பெனி போடுற பி.எஃப், கிராஜுவிட்டி சேர்த்தா சி.டி.சி 16 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. 2025-26 புதிய வரி முறையில 75,000 நிலையான கழிவு போக வருஷ வரி செஸ்ஸோட 97,500. மாசம் 8,125. பி.எஃப் 7,500, தொழில் வரி 200 சொச்சம். கைக்கு வர்றது 1,09,000.

நண்பர்களோட பெருங்குடி பக்கம் வீடு, உங்க பங்கு 12,000. சாப்பாடு 10,000, பைக் பெட்ரோல் 4,000, மத்தது 12,000. ஆக 38,000. வீட்டுக்கு அனுப்புறது 20,000, கல்விக் கடன் இ.எம்.ஐ 15,000. மிச்சம் 36,000. இதோட உங்க பி.எஃப்-பும் கம்பெனி பி.எஃப்-பும் சேர்ந்து 15,000. மொத்தச் சேமிப்பு மாசம் 51,000. இந்த பி.எஃப்-பை மறக்காதீங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இப்ப சிங்கப்பூர், எல்லாம் டாலர்ல:

வீவக வீட்டுல ஒரு ரூம்: 1,100
சாப்பாடு: 650
எம்.ஆர்.டி, பஸ்: 130
போன்: 20
கரண்ட், தண்ணி பங்கு: 60
மத்த செலவு: 350
வருஷம் ரெண்டு தடவை ஊருக்கு வர டிக்கெட், மாசக் கணக்குல: 85
வருமான வரி: 308
சிண்டா: 9
மொத்தம்: 2,712

மிச்சம் 4,288. ஊருல இருக்கிற 35,000 ரூபாய்க் கடமைக்கு 538 டாலர் அனுப்பிட்டா 3,750 டாலர். இதை 65-ஆல பெருக்குங்க, இப்பப் பெருக்கலாம்: 2,43,750 ரூபாய். சென்னையில 51,000. கிட்டத்தட்ட 4.8 மடங்கு.

கவனிச்சீங்களா? நேரடியா பெருக்கினவரு மூணரை மடங்கு சொன்னாரு, பி.பி.பி சொன்னவரு ஒண்ணரை மடங்கு கூட இல்லைன்னாரு. உண்மை ரெண்டையும் தாண்டி நிக்குது. தனியா, ரூம்ல, கார் இல்லாம வாழ்ற ஆளுக்கு அந்த ஊரோட காஸ்ட்லியான பகுதி எதுவுமே தொடுறதில்லை.

அந்தப் பட்டியல்ல சில வரிகளைப் பத்தி மட்டும் பேசணும்.

வாடகை. வீவக-ங்கறது அரசு கட்டுன அடுக்குமாடி வீடு, எச்.டி.பி-ன்னும் சொல்வாங்க. அதுல ஒரு ரூமைத்தான் நம்ம ஆளுங்க எடுப்பாங்க. விளம்பரத்துல 'சமையல் கிடையாது', 'லேசான சமையல் மட்டும்'னு போட்டிருப்பாங்க. இதைச் சாதாரணமா கடந்து போயிடாதீங்க. 'லேசான சமையல்'னா நூடுல்ஸ் வேகவைக்கலாம், முட்டை அவிக்கலாம். சாம்பாருக்குத் தாளிச்சா ஓனர் முகம் மாறும். சமைக்க விடுற ரூமுக்கு 100 டாலர் கூடக் கொடுத்தாலும் லாபம்தான். உணவங்காடியில ஒரு வேளைச் சாப்பாடு 4-ல இருந்து 6 டாலர், மூணு வேளையும் வெளியதான்னா மாசம் 500-ஐச் சுலபமா தாண்டும். தேக்காவுல காய்கறியும் முஸ்தஃபாவுல அரிசி பருப்பும் வாங்கிச் சமைச்சா பாதியில முடிச்சிடலாம். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி 0.4 சதவீதம், அதுவும் வாடகைக்கு வர்றவங்கதான் கட்டணும். ஒரு வருஷத்துக்கு 53 டாலர் அளவு.

வரி. ஆண்டு வருமானத்துல முதல் 20,000 டாலருக்கு வரி கிடையாது. அடுத்த 10,000-க்கு 2 சதவீதம், அதுக்கடுத்த 10,000-க்கு 3.5, பிறகு 80,000 வரைக்கும் 7, அதுக்கு மேல 1,20,000 வரைக்கும் 11.5. 84,000 சம்பளத்துல 1,000 டாலர் கழிவு போக வருஷ வரி 3,695. இங்க 15 லட்சத்துக்குக் கட்டுறதைவிடக் குறைஞ்ச சதவீதம். ஆனா ஒரு பொறி இருக்கு. சிங்கப்பூர்ல டி.டி.எஸ் மாதிரி மாசாமாசம் வரி பிடிக்க மாட்டாங்க. 7,000-மும் முழுசா அக்கவுண்ட்ல விழும். அடுத்த வருஷம் ஏப்ரல் 18-க்குள்ள தாக்கல் பண்ணணும், அப்புறம் மொத்தமா பில் வரும். வட்டியில்லாம 12 தவணையில கட்ட வசதி இருக்கு, அதை எடுத்துக்கோங்க. இருந்தாலும் முதல் மாசத்துல இருந்தே 308 டாலரைத் தனியா வெச்சிடுங்க. வேலையை விட்டு ஊருக்குக் கிளம்புறப்ப, வரிக் கணக்கு முடியுற வரைக்கும் கம்பெனி உங்க கடைசிச் சம்பளத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். அந்த நேரத்துல கையில காசில்லாம நிக்கக் கூடாது.

சிண்டாங்கறது அங்க இருக்கிற இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல இருக்கிற இந்தியர்கள் சம்பளத்துலயும் சின்னத் தொகை பிடிப்பாங்க, வேண்டாம்னா எழுதிக் கொடுத்து விலகலாம். 9 டாலர்தான், விடுங்க.

அதே சம்பளம், குடும்பத்தோட போனா

அதே 28 வயசு. ஆனா கல்யாணம் ஆகி, 3 வயசுல ஒரு குழந்தை. மனைவியும் சென்னையில வேலைக்குப் போறாங்க, கைக்கு 50,000 வருது. ரெண்டு பேர் சம்பளம் 1,59,000. வாடகை 22,000, மளிகை காய்கறி 18,000, பிளே ஸ்கூலும் டே கேரும் 12,000, பெட்ரோல் 6,000, வீட்டு வேலைக்கு 4,000, துணிமணி, ஆஸ்பத்திரி, வெளியே போறது எல்லாம் 26,000. ஆக 88,000. ஊருக்கும் இ.எம்.ஐ-க்கும் அதே 35,000. மிச்சம் 36,000, ரெண்டு பேர் பி.எஃப்-பும் சேர்த்தா மாசம் 57,000 சேருது.

அங்க போனா குடும்பத்தை ரூம்ல வெக்க முடியாது. முழு வீடு வேணும். வீவக 3 ரூம் வீடுன்னு சொல்றது நம்ம கணக்குல ஹாலும் ரெண்டு பெட்ரூமும். அதுக்கு 2,800 வெச்சுக்கோங்க. கரண்ட், தண்ணி, இன்டர்நெட் 220. சாப்பாடு மளிகை 1,000. போக்குவரத்து 220. போன் 40. பாலர் பள்ளி 1,000. அரசு மானியமெல்லாம் குடிமக்களோட குழந்தைகளுக்குத்தான், உங்களுக்கு முழுக் கட்டணம். மருத்துவம், இன்சூரன்ஸ் 150. மூணு பேருக்கு ஊர் டிக்கெட், மாசக் கணக்குல 250. மத்தது 400. மனைவி, குழந்தைக்கான கழிவு போக வரி 260. சிண்டா 9.

மொத்தம் 6,349. மிச்சம் 651. ஊருக்கு 538 அனுப்பிட்டா கையில 113 டாலர்.

ரூபாயில சொன்னா 7,345. சென்னையில 57,000 மிச்சம் பிடிச்ச குடும்பம், "நாலரை லட்சம் சம்பளம்"னு சொந்தக்காரங்க பேசுற ஊருக்குப் போய் 7,000 மிச்சம் பிடிக்குது. குழந்தைக்கு ரெண்டு தடவை காய்ச்சல் வந்து கிளினிக் போனா அந்த 113-ம் காலி. இதே குடும்பம் சென்னையில இருந்த அதே சேமிப்பு நிலையில நிக்கணும்னாலே சம்பளம் 7,900 டாலர் அளவுல இருக்கணும். முன்னேறணும்னா அதுக்கு மேல.

இதுல பெரிய அடி வாடகையும் இல்லை, பள்ளிக் கட்டணமும் இல்லை. மனைவியோட 50,000 போனதுதான். உங்க மாசச் சம்பளம் 6,000 டாலருக்குக் குறையாம இருந்தா குடும்பத்துக்கு டிபெண்டன்ட் பாஸ் கிடைக்கும். ஆனா 2021 மே மாசத்துல இருந்து, அந்தப் பாஸை வெச்சுக்கிட்டு வேலைக்குச் சேர முடியாது. அவங்களுக்குன்னு தனியா ஒரு கம்பெனி வேலை பாஸ் எடுத்துக் கொடுக்கணும். கிடைச்சா கணக்கு அப்படியே தலைகீழா மாறும், ரெண்டு சம்பளத்துல சிங்கப்பூர் அருமையான ஊர். கிடைக்கலைன்னா, சம்பாதிச்சுக்கிட்டிருந்த ஒருத்தர் உங்க ஒரு பாஸை நம்பி வீட்டுல உட்காருவாங்க. இதைப் பணக் கணக்கா மட்டும் பாக்காதீங்க. போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசிடுங்க, "அங்க போய்ப் பாத்துக்கலாம்"னு விடாதீங்க. அவங்க ரெஸ்யூமேயில விழப்போற இடைவெளிக்கு ரூபாய்க் கணக்கு என்கிட்ட இல்லை.

குழந்தை இன்னும் பெரிசா இருந்தா? இந்தியக் குழந்தைகளுக்கு அரசுத் தொடக்கப் பள்ளியிலயே மாசம் 800 டாலருக்கு மேல கட்டணம், அதுவும் இடம் கிடைச்சா. ஒண்ணாம் வகுப்பைத் தாண்டிட்டா சேர்க்கைக்குத் தனித் தேர்வு எழுதணும். தனியார் சர்வதேசப் பள்ளின்னா கணக்கு வேற லெவலுக்குப் போயிடும்.

கணக்குல வராம ஒளிஞ்சிருக்கிறது

முதல்ல பி.எஃப். சிங்கப்பூர்லயும் மத்திய சேம நிதி இருக்கு, கம்பெனி 17 சதவீதம் வரைக்கும் போடும். ஆனா குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். பாஸ்ல போற உங்களுக்குக் கிடையாது. சென்னையில உங்களை அறியாம மாசம் 15,000 சேர்ந்துக்கிட்டிருந்தது. அங்க யாரும் பிடிக்க மாட்டாங்க. நீங்களா ஒதுக்கலைன்னா 5 வருஷம் கழிச்சு ஓய்வுக்காலக் கணக்குல பூஜ்ஜியம்.

மருத்துவ இன்சூரன்ஸ். எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட்ல இருக்கிறவங்களுக்கு முதலாளி கட்டாயம் எடுத்துக் கொடுக்கணும்னு சட்டம். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெரும்பாலான நல்ல கம்பெனிகள் தருவாங்க, ஆனா குடும்பத்துக்கும் உண்டான்னு எச்.ஆர்-கிட்ட எழுத்துல கேளுங்க. 13-வது மாசச் சம்பளமும் அப்படித்தான். அங்க பரவலா தர்றாங்கங்கறதால எல்லாருக்கும் உண்டுன்னு நினைக்காதீங்க, சட்டத்துல கட்டாயம் கிடையாது.

பாஸ் கிடைக்குமாங்கறதே தனிக் கேள்வி. 2025 ஜனவரியில இருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைஞ்சபட்சச் சம்பளம் 5,600 டாலர், நிதித் துறையில 6,200. இது இளவயசுக்காரங்களுக்கு. வயசு ஏற ஏற இதுவும் ஏறி, 40-களோட நடுவுல 10,700-ல போய் நிக்கும். 28 வயசுல 6,000 டாலர் ஆஃபர்னு வந்தா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி மனிதவள அமைச்சோட இணையதளத்துல இருக்கிற சுய மதிப்பீட்டுக் கருவியில போட்டுப் பாருங்க. சம்பளத்தோட சேர்த்து 40 புள்ளிகளும் எடுக்கணும். பாஸைப் புதுப்பிக்கிறப்பவும் உங்க வயசு கூடியிருக்கும், அதனால இன்க்ரிமென்ட் இல்லாத வேலை அங்க ரெட்டிப்பு ஆபத்து.

வேலை போனா? பாஸ் ரத்தானதும் பொதுவா 30 நாள் தங்க அனுமதி தருவாங்க. அதுக்குள்ள வேற வேலை, இல்லைன்னா பெட்டி கட்டணும். வாடகை ஒப்பந்தம் மிச்சம் இருக்கும், டெபாசிட் மாட்டிக்கும். சென்னையில 3 மாசச் செலவை அவசரக் கால நிதியா வெச்சிருந்தா போதும்னு சொல்வேன். அங்க 6 மாசத்துக்கு, டாலர்ல.

போன உடனே ஆகுற செலவையும் பாருங்க. முன்வாடகை, ஒரு மாச டெபாசிட், ஏஜென்ட் கமிஷன், முத்திரை வரி, கட்டில் மெத்தை, முதல் சம்பளம் வர்ற வரைக்கும் சாப்பாடு. தனி ஆளுக்கே 4,400 டாலர், அதாவது 2.9 லட்சம் ரூபாய் கிட்ட ஆயிடும். குடும்பம்னா 10,000 டாலர் வரைக்கும் போகும். இதுக்கு இங்க பர்சனல் லோன் எடுத்துட்டுப் போறவங்க இருக்காங்க. தனி ஆள்னா ரெண்டு மாசத்துல அடைச்சிடலாம், பரவாயில்லை. மாசம் 113 டாலர் மிச்சம் ஆகுற குடும்பம் அதை எப்ப அடைக்கும்?

மாற்று விகிதம் நம்ம பக்கம்தான் இதுவரைக்கும் அடிச்சிருக்கு. 2015 வாக்குல 46, 47 ரூபாயா இருந்த சிங்கப்பூர் டாலர் 2025-ல 65-ஐத் தாண்டிடுச்சு. ரூபாயில கடன் வெச்சிருக்கிறவங்களுக்கு இது கொண்டாட்டம், அதே இ.எம்.ஐ-க்கு வருஷா வருஷம் குறைஞ்ச டாலர் போதும். ஆனா அங்க செலவுக்கே சம்பளம் சரியா இருந்தா மாற்று விகிதம் எங்க போனா உங்களுக்கு என்ன?

வேற நாடுன்னா

இதே முறைதான், ஆனா விடை வேற மாதிரி வரும். ஜெர்மனியில தனி ஆளுக்கு வரியும் சமூகக் காப்பீடும் சேர்ந்து சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடும். பிடித்தத்தைப் பார்த்தாலே கண்ணீர் வரும். ஆனா குடும்பம்னா வரி வகுப்பு மாறும், வேலைக்குப் போகாத துணையும் குழந்தையும் கூடுதல் பணம் இல்லாம அரசு மருத்துவக் காப்பீட்டுல வருவாங்க, அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை, ஒவ்வொரு குழந்தைக்கும் மாசாமாசம் உதவித்தொகை வேற (2025-ல அது 255 யூரோவா இருந்தது). சிங்கப்பூர் தனி ஆளுக்கு லாபம், ஜெர்மனி குடும்பத்துக்குத் தாங்கும். துபாயில சம்பளத்துக்கு வரியே இல்லை, ஆனா வாடகையை ஒரு சில செக்குல மொத்தமா முன்கூட்டியே கேப்பாங்க, பள்ளியோ முழுக்கத் தனியார். சம்பளத்தை மட்டும் வெச்சு நாடுகளை வரிசைப்படுத்துற வீடியோக்களைப் பார்த்தா (நம்ம சேனல்லயே கேக்குறாங்க, போட மாட்டேன்) இது எதுவுமே தெரியாது.

விலையை எங்க பாக்கணும்

நம்பியோ மாதிரி தளங்கள் மக்கள் அவங்கவங்களா பதியுற விலை. ஊரோட பொதுவான மணம் தெரிய அது போதும், முடிவெடுக்கப் போதாது. வாடகைக்கு பிராப்பர்ட்டி குரு, 99 கோ தளங்கள்ல உங்க ஆபீஸ்ல இருந்து 45 நிமிஷத் தூரத்துல இருக்கிற விளம்பரங்களைப் பாருங்க. வீவக இணையதளத்துல வட்டாரம் வட்டாரமா நடு வாடகை ஒவ்வொரு காலாண்டும் வெளியிடுறாங்க, அது விளம்பர விலை இல்லை, நிஜமா கையெழுத்தான வாடகை. மளிகைக்கு ஃபேர்பிரைஸ் ஆன்லைன் கடையில உங்க வீட்டு மாச லிஸ்ட்டை அப்படியே கார்ட்ல போட்டு மொத்தம் பாருங்க, வாங்க வேண்டாம். அரை மணி நேர வேலை, எந்தக் குறியீட்டையும்விட உங்களுக்குப் பொருத்தமான எண் கிடைக்கும்.

கிளம்புற தேதி

போறதுன்னு முடிவாயிட்டா, தேதியிலயும் பணம் இருக்கு. வெளிநாட்டு வேலைக்காகக் கிளம்புறவங்க அந்த நிதியாண்டுல இந்தியாவுல 182 நாளுக்குக் குறைவா இருந்தா, வருமான வரிச் சட்டப்படி அந்த வருஷமே என்.ஆர்.ஐ. ஏப்ரல் 1-ல இருந்து எண்ணினா செப்டம்பர் கடைசி வாரத்துல அந்தக் கணக்கு நிறைஞ்சிடும். அதுக்கு முன்னாடி கிளம்பினா அந்த வருஷச் சிங்கப்பூர் சம்பளத்துக்கு இங்க வரி இல்லை. அக்டோபர்ல கிளம்பினா மார்ச் வரைக்கும் அங்க வாங்குற சம்பளத்தையும் இங்க காட்டி, அங்க கட்டின வரியைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் கட்டணும். ஜாயினிங் தேதி செப்டம்பர் நடுவுலயா அக்டோபர் முதல் வாரமான்னு எச்.ஆர் கேட்டா, யோசிக்காம செப்டம்பரைச் சொல்லுங்க.

என்.ஆர்.ஐ ஆனதும் இங்க இருக்கிற சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ-வா மாத்தணும், அங்கிருந்து அனுப்புற பணத்துக்கு என்.ஆர்.இ கணக்குத் தொடங்கணும். என்.ஆர்.இ வட்டிக்கு இங்க வரி கிடையாது. இருக்கிற பி.பி.எஃப் கணக்கை முதிர்வு வரைக்கும் தொடரலாம், புதுசா தொடங்க முடியாது.

இந்த ரெண்டு கணக்கும் இருக்கிற எக்செல் ஷீட் லிங்க் வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. மஞ்சள் கட்டங்கள்ல மட்டும் உங்க எண்களைப் போடுங்க, மாற்று விகிதத்தை அன்னைக்குத் தேதிக்கு மாத்திக்கோங்க. என்.ஆர்.இ, என்.ஆர்.ஓ கணக்கு மாத்துறதைப் பத்தி அடுத்த வாரம் தனி வீடியோ வருது.